வெளிநாட்டு கோல்கீப்பர்

இன்று காலை எங்கள் பிரஸ்ஸுக்கு ஊர் ஹாக்கி கிளப் செயலாளர் வந்தார். கிளப் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை ஆடியவர்களில் சிறந்த பதினொரு பேரை நாடு வாரியாக எழுதிக் கொண்டுவந்திருந்தார். இன்டர்நெட்டில் எங்கோ அப்படிப் பார்த்தாராம். நான் போஸ்டர் டிசைன் செய்ய வேண்டும்.

‘இந்தியா’ என்பதன் கீழ் பத்துப் பேர்.

‘வெளிநாடு’ என்பதன் கீழ் ஒரே பெயர். கோல்கீப்பர் சுசாந்த்.

சுசாந்த் ஒடிசாக்காரர். பன்னிரண்டு வருடமாக எங்கள் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் கிளப்புக்காகப் பந்தை நெஞ்சில் வாங்குகிறார்.

“அண்ணாச்சி, ஒடிசா எந்த நாட்டுல இருக்கு?”

“நம்ம நாடுதாம்லே. ஆனா அவன் பாஷை வேறல்லா?”

“அப்ப வெளியூர்னு போடுவமா?”

“வெளியூர்னா சாத்தூர்ப் பயலுக நாலு பேரையும் அதுலதான் போடணும். சண்டைக்கு வந்துருவானுக.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பட்டியலின் முதல் பெயரைக் காட்டினேன்.

“இவரு கனடா பாஸ்போர்ட் வாங்கி எம்புட்டு வருசமாச்சு? இவருதான அண்ணாச்சி வெளிநாடு?”

அவர் என்னைவிடக் கொதித்துவிட்டார். “ஏலே, அவரு எங்கன இருந்தாலும் நம்ம ஆளுலே!”

பக்கத்தில் தாள் அடுக்கிக்கொண்டிருந்த சுசாந்த் நிமிரவே இல்லை. அவருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். நாளை இந்தப் போஸ்டர் ஓடப்போவதும் அவர் மெஷினில்தான்.

நண்பர்களே, இந்த ‘நம்ம ஆளு’ என்கிற நாட்டுக்கு விசா எங்கே கொடுக்கிறார்கள்? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். பன்னிரண்டு வருடமாக ஒருவர் வரிசையில் நிற்கிறார்.