அக்கா சொன்ன வெறும் காயிதம்

ஒரு கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்று எழுத்துகளை மாற்றினால் கம்ப்யூட்டர் எச்சரிக்கும். மாற்றினால் இது பயன்படாமல் போகலாம், உறுதியாக மாற்ற வேண்டுமா என்று கேட்கும். திண்டிவனத்தில் ரத்தப் பரிசோதனை மையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கேள்விக்கு முன்னால் வெகுநேரம் கை நகராமல் உட்கார்ந்திருந்தேன். போனின் மறுமுனையில் விழுப்புரத்து அக்கா காத்திருந்தார். "ஆமான்னு குடுமா. ஒண்ணும் ஆவாது. வெறும் காயிதம் அது" என்றார்.

எங்கள் மையத்தில் ரத்தம் எடுப்பது மட்டும்தான். குழாய்கள் காலை பஸ்ஸில் விழுப்புரத்துத் தலைமை லேபுக்குப் போகும். முடிவுகள் அங்குள்ள சர்வரில் ஏறும்; நான் இங்கிருந்தே எடுத்து அச்சடித்துக் கொடுப்பேன். அந்த சர்வரைப் பார்த்துக்கொண்டவர்தான் அக்கா. குரல் தெரியும், முகம் தெரியாது. அந்த வருடம் மழைக்காலம் தொடங்கியதிலிருந்து தினமும் மூன்று மணிக்கு இணைப்பு போய்விடும். நாலரைக்குத் தானாக வரும். அதற்குள் கூட்டம் சேர்ந்துவிடும். மரக்காணத்திலிருந்து மனைவியின் ரிப்போர்ட் வாங்க வந்த ஒருவர், "ரத்தம் பஸ்ல போச்சி, ரிசல்ட்டு நடந்துக்கினு வருதாமா?" என்று கேட்க, வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்கேஜி படித்த என் மகளை மூன்றரைக்குப் பள்ளியிலிருந்து அழைத்துவந்து மேசைக்குப் பின்னால் உட்கார வைத்துக்கொள்ள, விழுப்புரத்தில் இருந்த முதலாளியிடம் அனுமதி வாங்கியிருந்தேன். அவர் இரண்டையும் முடிச்சுப் போட்டார். "மூணு மணியானா உங்க கம்ப்யூட்டருக்கு மட்டும் எப்படிம்மா தூக்கம் வருது?" என்றார் போனில். அடுத்த மாதம் வேறு ஆள் பார்க்கட்டுமா என்றும் கேட்டார். குழந்தையை வைத்துக்கொண்டு வேலை பார்க்க விடும் இடம் திண்டிவனத்தில் எனக்கு வேறு கிடைக்காது. மகளின் கால் ஒயரில் படுகிறதோ என்றுகூட நினைத்தேன். அவள் வருவதற்கு முன்பே இணைப்பு போய்விடுகிறது என்பது தெரிந்தும், ஒருநாள் அவள் காலில் அடித்துவிட்டேன்.

வெளியிலிருந்து எதையும் கம்ப்யூட்டரில் போடக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பு. சிடி போடும் வாயில் அவர் கையெழுத்திட்ட தாளே ஒட்டியிருக்கும். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க அக்கா சொன்ன சோதனைக்கு எதையும் போட வேண்டியதில்லை. ஒன்றும் எழுதாத ஒரு கோப்பு, பெயரின் முடிவில் யூ டி எல். அதைத் திறந்தால் ஒரு சிறு பெட்டி வரும். சர்வரின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் அக்காவே சொன்னார். தினமும் அடிக்காமலிருக்க, கடவுச்சொல்லைச் சேமிக்கும் கட்டத்திலும் குறியிடச் சொன்னார். "ரெண்டு விதமாதான் தப்பு காட்டும். சர்வரே காணோம்னா லைன் கோளாறு. உள்ள வுட மாட்டேன்னா, லைன் நல்லாதான் இருக்குது. தெனம் அமுக்கிப் பாத்து நோட்டுல எழுதிக்கினு வா. அழிச்சிடாத" என்றார், கிட்டத்தட்ட காதோடு சொல்வதுபோல. யார் உள்ளே விடுவதில்லை என்று கேட்டேன். சட்டென்று குரல் உயர்ந்தது. "சரிங்கம்மா, நீங்க போன் ஆபீசுல புகார் குடுங்க." இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

ஒரே பேச்சில் இரண்டு குரல். அது என்னை அரித்தது. அக்கா போனை வைத்த பிறகு, வெறும் காயிதம் என்றாரே என்று அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தேன். காயிதம் வெறுமையாக இல்லை. சர்வரின் கடவுச்சொல் யாரும் படிக்கும்படி அப்படியே கிடந்தது. நாளை சர்வரில் ஏதாவது அழிந்தால் என் கம்ப்யூட்டரில்தானே சாவி இருக்கும்? என்னை மாட்டிவிடத்தான் இத்தனையும் என்று உறுதியாக நம்பினேன். அதை அச்சடித்து, இதில் எனக்குப் பங்கில்லை என்று ஒரு கடிதமும் எழுதி, கோப்பை அழித்துவிட்டு, மறுநாள் ரத்தக் குழாய்ப் பையிலேயே முதலாளி பெயருக்கு உறை வைத்து அனுப்பினேன். ஒரு வாரத்தில் விழுப்புரத்துப் போனை வேறொருவர் எடுத்தார்.

ஆனால் மூன்று மணிக்கு இணைப்பு போவது நிற்கவில்லை. முதலாளியிடம் எழுத்தில் அனுமதி கேட்டு, புதிதாக வந்தவரிடம் மாற்றிய கடவுச்சொல்லை வாங்கி, அதே கோப்பைத் திரும்பச் செய்தேன். பன்னிரண்டு நாள் நோட்டில் எழுதினேன். மூன்று மணிக்கு முன் இணைப்பு சரி. பின், உள்ளே விட மறுப்பு. சர்வர் காணோம் என்று ஒருநாளும் வரவில்லை. நோட்டைப் பார்த்த பிறகுதான் முதலாளி விசாரித்தார். அவருடைய மைத்துனர் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து ஒரு புது புரோகிராமைச் சோதிப்பாராம். அது முடியும்வரை மற்ற எல்லோரையும் வெளியே தள்ளிப் பூட்டிவிடுவாராம். அவர் உட்கார்ந்தது அக்காவுக்கு அடுத்த நாற்காலியில்.

அதோடு மூன்று மணித் தடை நின்றது, என் வேலை தப்பித்தது. அக்காவைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று ஒரு வரி எழுதினேனா என்றால், இல்லை. எழுதினால் என் முதல் கடிதத்தைப் பற்றிப் பேச வேண்டிவரும்.

சில மாதங்கள் கழித்து அக்கா ஒரே ஒருமுறை போன் செய்தார். "இப்ப மூணு மணிக்கு வருதாமா?"

"வருதுக்கா."

"கொயந்த நல்லா இருக்குதா?"

"இருக்காக்கா."

"அப்ப சரி." வைத்துவிட்டார். கடிதம் யாருடையது என்று தெரிந்து கேட்டாரா, தெரியாமலா? அக்கறையா, குத்தலா? அந்தச் சில வார்த்தைகளை இன்னும் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன்.

மகள் இப்போது ஏழாம் வகுப்பு. மையத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. போன வாரம் அதில் அந்தக் கோப்பை மறுபடி செய்தேன். உறுதியா என்று கேட்டது. அன்று உறையை ஒட்டும்போது என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை. ஆமாம் என்று அழுத்தினேன். கடவுச்சொல்லைச் சேமிக்கும் கட்டத்தில் மட்டும் குறியிடவில்லை. தினமும் கையாலேயே அடிக்கிறேன்.