தகர மனிதனின் கட்டைவிரல்

ரோவெனா நொபிலேசாவுக்குக் கலை புரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. இலொய்லோ நகரத்தின் அந்தச் சின்ன அருங்காட்சியகத்தில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கலையோடு நின்றவள் அவள். விமர்சகர்கள் வந்தால் ஒரு படைப்பின் முன்னால் நான்கு நிமிடம் நிற்பார்கள். அதிலும் மூன்று நிமிடம் விளக்க அட்டையைப் படிப்பதில் போய்விடும்.

அதற்கு முன்பு ஏழு வருடம் துறைமுகத்தில் ஒரு சர்க்கரைக் கிடங்கின் வாசலில் காவலுக்கு நின்றாள். வெயிலிலும் லாரிப் புகையிலும் நின்ற நிற்பு அவளுடைய இரண்டு முட்டிகளையும் தின்று தீர்த்திருந்தது. காவல் நிறுவனம் ஐந்து மாத ஒப்பந்தத்தில் இங்கே அனுப்பியபோது, ஏசிக் காற்றில் நாற்காலி போட்டு உட்காரலாம் என்பதை அவள் முதல் வாரம் நம்பவே இல்லை. நவம்பர் கடைசியில் ஒப்பந்தம் முடியும். அருங்காட்சியகம் நல்லபடியாக ஒரு கடிதம் கொடுத்தால் இங்கேயே தொடரலாம். இல்லாவிட்டால் மறுபடியும் கிடங்கு வாசல்.

வேலை இரண்டே வாக்கியம். உள்ளே வருகிறவர்களிடம் "வாங்க மேம், வாங்க சார்." படைப்பை நெருங்குகிறவர்களிடம் "தொடக் கூடாது." ஒரு கலைஞர், குளிக்கத் தண்ணீர் மொள்ளுகிற பிளாஸ்டிக் மக்குகள் முந்நூற்றைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார். இன்னொருவர் ஒரு வெற்று அறையில் மின்விசிறிச் சத்தத்தை மட்டும் ஓடவிட்டிருந்தார். ரோவெனா எதற்கும் சிரிக்கவில்லை. அட்டை எவ்வளவு நீளமோ, பொருள் அவ்வளவு கம்மி என்று மட்டும் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

ஆகஸ்டில் தகர மனிதன் வந்தான். காலோய் என்ற இளம் சிற்பி, ஊருக்குள் ஆளேற்றி ஓடுகிற ஜீப்னி வண்டிகளில் உடைந்தவற்றின் தகரத்தை வெட்டி ஒட்டி ஆளுயரத்தில் செய்திருந்தான். முழங்கால் வரை நீலப் பிளாஸ்டிக் பைகளால் அலை. தோளில், வெளிநாட்டுக்குப் போனவர்கள் வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி டேப் சுற்றிய பெரிய அட்டைப்பெட்டி. முன்னால் வைத்திருந்த வலது கால் மட்டும் அலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, மஞ்சள் பெயிண்ட் அடித்த கட்டைவிரலோடு. அட்டையில் 'இடப்பெயர்வின் உடல்' என்று தொடங்கி அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள்.

அந்த அரைப் பக்கத்தை யார் படித்தார்கள்? தண்ணீரில் கால், தோளில் சுமை. பயணிகளைக் கரை சேர்க்கிற புனித கிறிஸ்தோபர்தான் என்று கண்ணிருக்கிற எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

முதலில் வந்தது, மகளுக்கு இத்தாலி விசா கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்த ஒரு மீன்காரம்மா. கைக்குட்டையால் கட்டைவிரலைத் துடைத்து, அதே கைக்குட்டையால் மகளின் பாஸ்போர்ட்டைத் துடைத்தாள். கோயிலில் புனிதர்களின் காலைத் துடைத்துத் தன் முகத்தில் ஒற்றிக்கொள்கிற அதே கை, அதே பழக்கம்.

"தொடக் கூடாது மேம்" என்றாள் ரோவெனா.

"நான் எங்க தொட்டேன் மானாங்? துடைச்சேன்." மானாங் என்றால் அந்த ஊரில் அக்கா.

பத்து நாளில் விசா வந்துவிட்டதாம். அடுத்த சனிக்கிழமை வரிசை படிக்கட்டு வரை நின்றது. மஞ்சள் பெயிண்ட் போய்க் கட்டைவிரல் பளபளத்தது. ரோவெனா கயிறு கட்டினாள். குடை நுனியில் கைக்குட்டையைக் கட்டி நீட்டினார்கள். குறுக்கே போய் நின்றாள். எட்டாத ஒரு கிழவர் அவளுடைய முழங்கையைத் துடைத்துக்கொண்டு திருப்தியாகப் போனார்.

பொறுப்பாளர் தெரீஸ் அவளை அறைக்குக் கூப்பிட்டாள். குரலை உயர்த்துகிற பழக்கம் அவளுக்கு இல்லை. "இன்னும் கொஞ்சம் பெயிண்ட் போச்சுன்னா, காவல் நிறுவனத்துக்கு நான் என்னன்னு எழுதுறது? நீங்களே சொல்லுங்க ரோவெனா."

சொல்வதற்குள் காலோய் வந்து சேர்ந்தான். குந்தி உட்கார்ந்து கட்டைவிரலை வெகுநேரம் பார்த்தான். யார் பண்ணினது என்று கேட்டான். ஊரே பண்ணிற்று சார் என்றாள் ரோவெனா. அவன் எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. ஆட்கள் இப்படித் தொட்டுப் புழங்குகிற கலையைத்தான் நாலு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தானாம்.

தெரீஸுக்கு உடனே எல்லாம் புரிந்துவிட்டது. ஒரே வாரத்தில் கயிறு போயிற்று, புது அட்டை வந்தது: 'பங்கேற்புக் கலை. பார்வையாளர்கள் தொடுமாறு அன்புடன் அழைக்கப்படுகிறார்கள்.' பக்கத்தில் ஒரு தட்டு. அதில் ஒரே அளவில் வெட்டிய வெள்ளைக் கைக்குட்டைகள்.

அன்றிலிருந்து ஒருவரும் தொடவில்லை.

வந்தார்கள், அட்டையைப் படித்தார்கள், எடுத்த கைக்குட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். மகளை அனுப்பிவிட்டு நன்றி சொல்ல வந்த மீன்காரம்மாவும் விரலை எட்ட இருந்தே பார்த்தாள். "நான் சாமின்னுல்ல நெனைச்சேன். இது ஆர்ட்டாமே."

தலைநகர் மணிலாவிலிருந்து ஒரு கலை விமர்சகர் குழு சனிக்கிழமை பங்கேற்பைப் பார்வையிட வருவதாக இருந்தது. தெரீஸ் மறுபடியும் கூப்பிட்டாள். ஆட்களைத் தொடவைப்பது இனி ரோவெனாவின் பொறுப்பு. கடிதத்தைச் சனிக்கிழமைக்கு அப்புறம்தான் எழுதப்போவதாகவும் சொன்னாள். போன மாதம் தொட்டதற்கு ஏச்சு, இந்த மாதம் தொடாததற்கு. விரல் என்னவோ அதே விரல்தான்.

"தொடலாம் மேம்" என்று ரோவெனா சொல்லிப் பார்த்தாள். ஏதோ விற்க வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு விலகிப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. பூப்போட்ட உடுப்பில், சொந்தக் கைக்குட்டையோடு, பார்வையாளராக வந்தாள். தான் துடைத்தால் நாலு பேர் பார்த்துத் துடைப்பார்கள் என்பது திட்டம். குனிந்து விரலைத் துடைத்தாள். அப்படியே தன் முட்டிகளையும் துடைத்தாள். வந்ததுதான் வந்தோம் என்று, அந்தக் கிடங்கு வாசலுக்கு மட்டும் திருப்பி அனுப்பிவிடாதே என்று உதடு அசையாமல் கேட்டும்வைத்தாள்.

பின்னால் ஒரு இளம் தம்பதி. "மானாங், நாங்களும் தொடலாமா?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

ஐந்து மாதப் பழக்கம். ரோவெனாவின் வாய் தானாகச் சொன்னது: "தொடக் கூடாது."

அந்தப் பெண் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு சட்டென்று தன் கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்தாள்.

சனிக்கிழமை காலை, கதவு திறப்பதற்கு முன் ரோவெனா மூன்று காரியம் செய்தாள். கிடங்கறையிலிருந்து பழைய கயிற்றைக் கொண்டுவந்து கட்டினாள். வெள்ளைக் கைக்குட்டைத் தட்டை மேசைக்கடியில் தள்ளினாள். வாசலில் இருந்த பெரிய பூந்தொட்டியைப் புது அட்டைக்கு முன்னால் நகர்த்தினாள். பத்து மணிக்கு வரிசை படிக்கட்டு தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. மணிலாக் குழுவில் ஒருவர், 'தடையை மீறும் உடல்களின் அழகியல்' என்று குறிப்பேட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். கயிற்றைப் பார்த்த தெரீஸ் ரோவெனா பக்கம் திரும்பினாள். ரோவெனா அந்த ஊர் வழக்கப்படி விரலுக்குப் பதில் உதட்டைக் குவித்து வரிசையைச் சுட்டிக்காட்டினாள். தெரீஸ் குழுவின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடிதம் போயிற்று. இன்னும் ஐந்து மாதம். முட்டிவலியும் கொஞ்சம் பரவாயில்லை. அதற்குக் காரணம் நாற்காலிதான் என்று அவள் தங்கை சொல்கிறாள்.

திங்கட்கிழமை முதல் ஆளாக, ஹாங்காங்குக்கு வேலைக்குப் போகவிருந்த ஒரு பெண் கயிற்றருகே வந்து நின்றாள்.

"தொடக் கூடாது மேம்" என்றாள் ரோவெனா. சொல்லிவிட்டு, ஒருவர் குனிந்து நிமிர ஆகிற நேரம்வரை, கூரையில் தொங்கிய மக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.