மிலுங்காவின் ஒரு நிமிடம்

நாடி பார்க்க மணிக்கட்டைப் பிடித்துவிட்டால் மிலுங்கா பேசமாட்டார். கைக்கடிகாரத்தை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். வினாடி முள் முழுச் சுற்று வந்து சேரும்வரை உதடு மட்டும் அசையும். வரிசையில் பின்னால் நிற்பவர் இருமுவார், காய்கறிப் பையைக் கீழே வைப்பார், பேருந்து போய்விடும் என்று முனகுவார். எதுவும் அவர் காதில் ஏறாது. நெஞ்சுக்கு என்று சொல்லி எதைக் கேட்டு வந்தாலும் சரி, அந்த மருந்துக் கடையில் முதலில் கையை நீட்டியாகவேண்டும்.

"பதினஞ்சு வினாடி எண்ணி நாலால பெருக்கலாம். கணக்கு வரும். எங்க தடுமாறுதுன்னு தெரியாது" என்பார்.

செர்பியாவின் கிழக்கு மூலையில், செம்பு உருக்காலையின் புகைபோக்கி எந்தச் சன்னலிலிருந்தும் தெரிகிற ஊர் அது. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் அந்தக் கடையில் மிலுங்கா முப்பத்திரண்டு வருடமாக நிற்கிறார். வயது ஐம்பத்தேழு. கடை முதலில் அரசாங்கத்துடையது. பிறகு யாரோ ஒருவர் வாங்கினார். இப்போது தலைநகரில் இருக்கும் ஒரு பெருங்கம்பெனி நூறு கடைகளோடு சேர்த்து இதையும் வைத்திருக்கிறது. மேலங்கியின் நிறம் மூன்று முறை மாறிவிட்டது. மிலுங்கா தன் மர அடிச் செருப்பையும் கம்பளிக் காலுறையையும் மாற்றவில்லை. மேசைக்குக் கீழே எதை மாட்டினால் யாருக்கு என்ன? மக்கள் அவரை டாக்டரம்மா என்கிறார்கள். "நான் டாக்டர் இல்ல. டாக்டரா இருந்தா உன்ன அஞ்சு மாசம் காக்க வச்சிருப்பேன்" என்று திருத்துவார்.

அந்த ஊரில் மருந்துச் சீட்டைவிட மதிப்புள்ள ஒன்று உண்டு: அட்டைத் துண்டு. யாருக்காவது ஒரு மாத்திரை நன்றாகக் கேட்டு நோய் தணிந்தது என்றால், காப்பி குடிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பெட்டியின் மூடியைக் கத்தரித்து வாங்கிப் போவார். அது பணப்பையில், புனிதரின் படத்துக்கும் பேருந்துச் சீட்டுக்கும் நடுவில் இருக்கும். ஒருநாள் மிலுங்காவின் மேசைக்கு வரும். "இதேதான் குடு." யாருடைய பெட்டி, யாருக்கு என்ன நோய் என்ற கேள்வி மரியாதைக் குறைவாகக் கருதப்படும். நல்ல மனசோடு கொடுக்கப்பட்ட துண்டல்லவா?

மிலுங்கா மறுக்கும் துண்டுகளைத் திருப்பித் தருவதில்லை. வட்டமான பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு வைக்கிறார். மூடியில் ஒட்டிய தாளில், கொட்டை எழுத்தில், "அடுத்தவர் நோய்" என்று எழுதியிருக்கிறது. டப்பா நிரம்பி, மூடி சரியாக உட்காருவதில்லை.

அதில் பாதிக்குமேல் மெக்னீசியம்தான். கால் சுளுக்கினால் மெக்னீசியம், தூக்கம் வராவிட்டால் மெக்னீசியம், மருமகள் எதிர்த்துப் பேசினால் மெக்னீசியம். நெஞ்சு படபடத்தால் கேட்கவே வேண்டாம். எதை வாங்குவது என்று கேட்பவருக்கு மிலுங்கா பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டுவார். முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டிருப்பது உப்பின் மொத்த எடை. உள்ளே இருக்கும் மெக்னீசியம் பின்னால் பொடி எழுத்தில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிக் கிடக்கும். மலிவான ஆக்சைடில் எண் பெரிது, உடம்பில் சேருவது கொஞ்சம், மிச்சம் கழிப்பறைக்குப் போகும். சிட்ரேட் அதைவிட நன்றாகச் சேரும். தண்ணீரில் போட்டுப் பொங்கவைக்கிற மாத்திரையில் சோடியம் அதிகம். ரத்த அழுத்தக்காரர் அதைத் தினமும் குடிப்பது உப்பை அள்ளித் தின்பது போல. சிறுநீரகம் பழுதானவர் எந்தப் பெட்டியையும் தானாகத் தொடக்கூடாது. தைராய்டு மாத்திரை போடுகிறவர் நான்கு மணி நேரம் தள்ளிப் போடவேண்டும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உண்மையிலேயே மெக்னீசியம் குறையலாம். அதையும் ரத்தம் பார்த்துத்தான் சொல்லமுடியும். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கடைசியில் சேர்ப்பார்: "குறைஞ்சிருந்தா நல்லது செய்யும். குறையலேன்னா, விக்கிறவனுக்கு நல்லது செய்யும்."

விற்கிறவன் கண்டுபிடித்ததுதான் ரோஜா நிறப் பெட்டி. உள்ளே அதே சிட்ரேட். வெளியே ஒரு சிவப்பு இதயம், அதன் குறுக்கே அழகாக மேலும் கீழும் போகிற ஒரு கோடு, "இதயத் தாளத்துக்கு" என்று ஒரு வரி. அந்தப் படத்துக்காக ஆறு மடங்கு விலை. மாவட்ட மருத்துவமனையில் இதய மருத்துவரைப் பார்க்க ஐந்து மாதம் ஆகும் ஊரில், ஐந்து நிமிடத்தில் கிடைக்கிற இதயம் அது ஒன்றுதான். பயந்தவன் வாங்குவான். பயத்தை நம்பித்தான் அச்சடித்திருக்கிறார்கள்.

ஒரு முழு நிமிடம் என்ற வழக்கம் பதினோரு வருடத்துக்கு முன்பு வந்தது. நெஞ்சு துள்ளுகிறது என்று வந்த ஒரு பேருந்து ஓட்டுநருக்கு மிலுங்கா பொங்கும் மாத்திரைக் குழாய் ஒன்றைக் கொடுத்து, அரை நிமிடத்தில் அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் அவருக்குப் பக்கவாதம். இன்றும் வலது காலை இழுத்துக்கொண்டு கடைக்கு வருகிறார். "அன்னைக்குக் குடுத்தியே, எலுமிச்சை வாசனையா, ரொம்ப நல்லா இருந்தது" என்று கோணிய வாயால் சொல்வார். மிலுங்கா சில்லறையைக் கீழே சிந்திவிடுவார்.

போன இலையுதிர்காலத்தில், ஊர் முழுக்கக் குடைமிளகாய் சுடும் வாசனை அடித்த ஒரு செவ்வாய்க்கிழமை, ராடிசாவ் வந்தார். உருக்காலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், அறுபத்தெட்டு வயது, தோளில் மரத்தூள். வரிசையில் ஆறு பேர். மூலையில், கைக்கணினியோடு, இவோனா. கம்பெனியின் மேற்பார்வையாளர், முப்பது வயதுப் பெண். எந்தக் கடையில் எத்தனை ரோஜாப் பெட்டி போயிற்று என்று பார்ப்பது அவர் வேலை. மிலுங்காவின் கடை கடைசியிலிருந்து இரண்டாவது.

ராடிசாவ் பணப்பையிலிருந்து அட்டைத் துண்டை எடுத்து வைத்தார். ரோஜா நிறம். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் கீழ்த் தளத்து வெரிட்சா வெட்டிக் கொடுத்தது. மூன்று வாரமாக நெஞ்சு துள்ளுகிறதாம். சன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் உட்கார்ந்ததில் காற்று அடித்துவிட்டது என்று வெரிட்சா கண்டுபிடித்திருக்கிறார். இவோனாவின் முகம் மலர்ந்தது.

மிலுங்கா கையைக் கேட்டார்.

"கையக் கேக்கிறியே தங்கச்சி. வீட்ல ஒருத்தி இருக்கா, கோவிச்சுக்குவா."

"அவளுக்காகத்தான் கேக்கறேன். நீட்டுங்க."

வினாடி முள் ஒரு சுற்று வந்தது. மிலுங்கா விடவில்லை. இரண்டாவது சுற்று. குடித்தவன் இருட்டில் மாடிப்படி ஏறுவது போல இருந்தது அந்த நாடி. இரண்டு படி சேர்ந்தாற்போல, பிறகு ஒன்றுமில்லை, பிறகு தடதடவென்று நான்கு. அடுத்த அடி எப்போது விழும் என்று சொல்லமுடியாது. வரிசை இருமுவதை நிறுத்திவிட்டது.

வேறு என்ன தொந்தரவு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார் ராடிசாவ். பிறகு, சிரிப்பதற்காகவே, ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னார். தொக்குக்குச் சுட்ட குடைமிளகாய் உரித்துக்கொண்டிருந்தபோது இடது கையிலிருந்து கத்தி தானாக நழுவியதாம். கை யாருடையதோ போல இருந்ததாம். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டதாம். பெண்களின் வேலையைச் செய்தால் இப்படித்தான் ஆகும் என்று மனைவியிடம் சொன்னாராம். வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

மிலுங்கா சிரிக்கவில்லை. கையை விடாமலே சொன்னார்.

"அண்ணே, இது மெக்னீசியத்தோட வேலை இல்ல. இப்பவே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயி இ.சி.ஜி. எடுக்கணும். இன்னைக்கே. இந்த நிமிஷமே."

தனக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்றார் ராடிசாவ். பிப்ரவரி பதினொன்று. சீட்டைக்கூடக் காட்டினார். அதுவரை தாங்கத்தான் மாத்திரை. மேலும், டிராக்டர்காரன் குளிர்கால விறகு முழுவதையும் வாசலில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறான். மழை வருவதற்குள் நிலவறையில் இறக்கவேண்டும். ஒரு பெட்டி கொடுத்தால் அவர் போய்விடுவார்.

அப்போதுதான் இவோனா முன்னால் வந்தார். குரலில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னார். வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுத்துவிட்டு அறிவுரையும் சொல்லலாமே, இரண்டும் ஒன்றுக்கொன்று தடையில்லையே, மெக்னீசியம் யாருக்கும் கெடுதல் செய்யாதே.

"மெக்னீசியம் கெடுதல் செய்யாதும்மா. இவரு பெட்டிய வாங்கிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போவாரு பாரு, அந்த நிம்மதி கொன்னுடும்" என்றார் மிலுங்கா. "பெட்டியில இருக்கிறது படம். இவரு நெஞ்சுல இருக்கிறது படம் இல்ல."

ராடிசாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆறு பேருக்கு முன்னால் ஒரு ஆண்பிள்ளையை நோயாளி ஆக்குவதா? கையை இழுத்துக்கொண்டார். துண்டை எடுத்தார். "நீ குடுக்காட்டிப் போ. கீழ்த்தெருக் கடையில வாங்கிக்கறேன். அங்க கையெல்லாம் கேக்க மாட்டாங்க."

அது உண்மை. கீழ்த்தெருக் கடையில் கேட்கமாட்டார்கள். அரை நிமிடத்தில் கொடுத்து, பையில் போட்டு, நல்ல நாளாக அமையட்டும் என்று சொல்லி அனுப்புவார்கள். மிலுங்காவுக்கு அந்த அரை நிமிடம் நன்றாகத் தெரியும்.

மேசையின் மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு அவர் வெளியே வந்தார். முப்பத்திரண்டு வருடத்தில் அந்த வரிசை அவருடைய காலைப் பார்த்தது அன்றுதான். "இதோ வருகிறேன்" பலகையைக் கதவில் மாட்டி, எல்லோரையும் இவோனாவோடு சேர்த்து வெளியே நிறுத்திப் பூட்டினார். வேலை நேரத்தில் கடையை மூட விதி இல்லை என்று இவோனா சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அதற்குள் மிலுங்கா ராடிசாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மரச்செருப்பு டக் டக்கென்று அடிக்கத் தெருவைக் கடந்துகொண்டிருந்தார்.

"விறகு..." என்றார் ராடிசாவ்.

"யாரும் தூக்கமாட்டான். தூக்கினான்னா அவன் இதயமாவது நல்லா இருக்குன்னு வச்சுக்குவோம்."

வழியில் பாடம் நடந்தது. நெஞ்சு துள்ளுகிறது என்று சொல்லக்கூடாது. துள்ளுகிறது என்றால் பிப்ரவரி. கை செத்துப் போச்சு, கத்தி விழுந்தது, இதை மட்டும் சொல்லவேண்டும். சுகாதார நிலையத்தில் சன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் பரிந்துரைச் சீட்டு கேட்டார். ராடிசாவ் மிலுங்காவைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு, திருடியதை ஒப்புக்கொள்கிறவர் போல, கத்தி விழுந்ததைச் சொன்னார். கதவு திறந்தது. கால் மணி நேரத்தில் இ.சி.ஜி. எடுத்தார்கள், ஆம்புலன்ஸ் நண்பகலுக்குள் அவரை மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கின்றன, அங்கே தேங்கும் ரத்தம் கட்டியாகி மூளைக்கு ஏறுவதற்குள் வந்து சேர்ந்தார் என்றார்களாம்.

கருவி அங்கேதான் இருந்தது. ஆள் இருந்தார். மின்சாரம் இருந்தது. அந்த ஐந்து மாதம், சரியான சொல் தெரியாதவனுக்கு விதித்த தண்டனை. ஒரு வக்கீலின் மாமனாருக்கு அந்தச் சொல் தெரியும். கிரேன் ஓட்டியவருக்குத் தெரியாது. இதை யாரும் சட்டம் போட்டுச் செய்யவில்லை. அதனால்தான் எதிர்த்து வழக்குப் போடவும் முடியவில்லை.

மிலுங்கா திரும்பி வந்தபோது வரிசை அப்படியே நின்றது, ஆறு பேரோடு இன்னும் மூன்று பேர் சேர்ந்து. இவோனா போய்விட்டிருந்தார். இருபத்தெட்டு நிமிடம் கடை மூடப்பட்டது பற்றிய எச்சரிக்கைக் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நல்ல தடித்த தாள். மிலுங்கா அதை நான்காக மடித்துக் காப்பிப் பாத்திரத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். இப்போது அதில் மூன்று வட்டக் கறைகள். இன்னொரு கடிதம் வந்தால் வேலை போகும் என்று உள்ளே எழுதியிருக்கிறது. அவர் படித்துவிட்டார்.

ராடிசாவ் ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். விறகை மகனும் மாடிக் குடித்தனக்காரர்களும் இறக்கிவிட்டிருந்தார்கள். தினமும் இரண்டு வேளை ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை; நாடியை அடக்க இன்னொன்று. கட்டடம் முழுவதும் அவரைப் பார்க்க வந்தது. அவர் எல்லோருக்கும் பிராந்தி ஊற்றி, தான் குடிக்காமல், மிலுங்கா கையைப் பிடித்து இழுத்துப் போன கதையைச் சொன்னார். கதையில் முன்னால் நடந்தவர் ராடிசாவ்தான். முகத்தில் களை வந்திருந்தது, நன்றாகத் தூங்கினார், பத்து வயது குறைந்தாற்போல இருந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வெரிட்சா வந்தார். எழுபது வயது, வயிற்றுப்புண்ணுக்கு வருடக்கணக்காக மிலுங்காவிடம்தான் மருந்து வாங்குகிறார். வரிசையில் பொறுமையாக நின்று, முறை வந்ததும் பணப்பையைத் திறந்து, புனிதரின் படத்துக்குப் பின்னாலிருந்து ஓரம் நேராக வெட்டிய ஒரு வெள்ளை அட்டைத் துண்டை எடுத்து வைத்தார். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைப் பெட்டியின் மூடி.

"ராடிசாவ் குடுத்தான்டி. அவனுக்கு என்னமா கேட்டிருக்கு பாரு. எனக்கும் இதேதான் குடு."

மிலுங்கா துண்டை எடுத்துப் பார்த்தார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து, மேலே இருந்தவற்றைக் கட்டைவிரலால் அழுத்தி, இடம் பண்ணிப் போட்டார். மூடி உட்காரவில்லை, அப்படியே விட்டார். பிறகு கடிகாரத்தை உள்பக்கம் இழுத்துவிட்டு, மேசைக்கு மேல் கையை நீட்டினார்.