கை பார்த்து நெய்தவள்

தார்க்குச்சியில் சுற்றிய நூல் தீரும்போதெல்லாம் செல்லாயி தறியை நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்ப்பாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு. அதற்குப் பிறகுதான் நான் சுற்றி வைத்த புதுத் தாரை எடுப்பாள். அவளுக்குக் குஷ்டம் ஆறியிருந்தது. கையில் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. கிழித்தாலும் சுட்டாலும் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

"இன்னா செல்லாயி, கைரேகை பாக்கறியா?" என்பார் மேஸ்திரி ஐசக்.

"ஆமா நைனா. ராஜயோகம் கீதாம். அது எந்த வெரலோட போச்சுன்னுதான் தெரியல."

தறிகள் எல்லாம் ஒரு நிமிஷம் நின்று சிரிக்கும்.

உத்திரமேரூருக்கு வெளியே, ஏரிக்கரையை ஒட்டி இருந்தது எங்கள் கொட்டகை. ஒரு தர்ம சங்கம் நடத்தியது. நெய்தவர்கள் எல்லாரும் நோய் ஆறியவர்கள். கால் சூம்பி, ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் தார் சுற்றினேன். அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் படுக்கை விரிப்புகளை எங்களிடமே வாங்க வேண்டும் என்று மேலே உத்தரவு போட்டிருந்தார்கள். அந்த ஆர்டர்தான் எங்களுக்குச் சோறு. சந்தையில் எங்கள் துணியை யாரும் தொடமாட்டார்கள்.

நோய் கண்டதும் செல்லாயியைப் புருஷன் வீட்டில் மாட்டுக்கொட்டாயில் வைத்தார்கள். பிறகு அங்கேயும் வேண்டாம் என்றார்கள். தறிக்கு வரும்வரை காஞ்சிபுரத்தில் கோயில் வாசலில் பிச்சை எடுத்தாள்.

"அந்த வாசப்படிக்கு மட்டும் திரும்பப் போவமாட்டேன்டி" என்பாள் என்னிடம்.

ஓர் ஐப்பசியில் மழை விடவில்லை. நூல் தாமதமாக வந்தது. மறுநாள் சரக்கெடுக்க லாரி வந்துவிடும். கொட்டகை பகலிலேயே இருண்டு கிடந்தது. செல்லாயி கையைப் பார்க்க நிறுத்தினாள்.

"இன்னிக்கு ரேகை வாணாம், ஓட்டு" என்றார் ஐசக்.

ஓட்டினாள். தறிப்பலகையில் மரச் சிலாம்பு ஒன்று கிளம்பியிருந்தது. விரிப்பை அறுத்து எடுத்தபோதுதான் ஓரமெல்லாம் சிவப்பைப் பார்த்தோம். சோப்புப் போட்டுத் தேய்த்தும் பழுப்பாக நின்றது.

"இத்த எடுத்துடு நைனா. ஒண்ணு கொறைஞ்சா கொறையட்டும்."

"கொறைஞ்சா மொத்தத்தியும் திருப்பிடுவான். அடியில வெச்சா எவன் பாக்கப்போறான்?"

பார்த்தார்கள். ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர் அதைக் குச்சியால் தூக்கிக் காட்டினாராம். நோய் ஆறியவர்கள் என்று டாக்டர் கொடுத்திருந்த சர்டிபிகேட்டை ஐசக் நீட்டியிருக்கிறார். வாங்குவதற்கு ஒருவரும் கை நீட்டவில்லை. எல்லா விரிப்புகளையும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போட்டுக் கொளுத்திவிட்டார்கள்.

ஐசக் கொட்டகை வாசலிலேயே நின்றார். "எம்மேலதான் தப்பு செல்லாயி."

"கை என்னுது நைனா" என்றாள் அவள்.

அடுத்த வருஷம் ஆர்டர் வரவில்லை. தறிகளைப் பிரித்து விற்றார்கள்.

இப்போது ஆஸ்பத்திரிக்கு மில் துணி வருகிறது. கொட்டகையில் உர மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. செல்லாயி காஞ்சிபுரத்தில் அதே வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை பார்த்தேன். வலது கையில் புண் இருக்கிறது. அவள் கையைப் பார்ப்பதில்லை.