தவராசா சேர் சொல்லாத எண்

தவராசா சேர் போய்விட்டார் என்று தொலைபேசியில் சொன்னவள் ரஞ்சினி. செங்கலடிப் பயிற்சி நிலையத்தில் எங்களோடு வேலை செய்தவள். நான் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். அங்கேயே அழுதுவிட்டேன். மீன்காரர் பையைக் கையில் தந்து, "வீட்ட போங்க கா" என்றார். அந்த அழுகையை நினைத்தால் இப்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

முப்பத்தோராம் நாள் நினைவு இதழுக்கு எழுதித் தரும்படி கேட்டீர்கள். இதை வாசிக்கும் எல்லோருக்கும் அவரைத் தெரியும். கணினி அறை அவருடையது. அடுத்த அறையில் நான் தட்டச்சுப் படிப்பித்தேன். ஒருமுறை நிலைய அதிபரின் கணினியில் இருந்த கடிதங்கள் சேரின் கைபட்டு அழிந்தன. யாரும் கேட்கும் முன்னரே கூட்டத்தில் எழும்பி, "அது என்ர பிழை" என்றார். "மெசின் பொய் சொல்லாது டீச்சர், நாமதான் சொல்றது" என்று அடிக்கடி சிரிப்பார். அப்படிப்பட்ட மனிதரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அதனால்தான் என் தங்கை மலரின் கணினியை அவரிடம் கொண்டுபோனேன். தையல் மெசின் பெட்டி அளவில், கைப்பிடி வைத்த, செம்மஞ்சள் எழுத்து மின்னும் பழைய சாமான் அது. கொழும்பில் யாரோ கழித்துவிட்டதை மாமா வாங்கி வந்தார். மலர் அதில் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தட்டிக் கதைகள் எழுதினாள். நோய் அவளைக் கொண்டுபோன பிறகு பெட்டி கட்டிலுக்கடியில் கிடந்தது. ஒருநாள் அம்மா, "பிள்ளைர கதைய ஒருக்கா வாசிச்சிக் காட்டு மகள்" என்றார். போட்டுப் பார்த்தால் திரையில் ஒன்றும் இல்லை.

"உள்ளுக்க இரிக்கிற சின்ன பற்றரி செத்திட்டு. தனக்குள்ள என்ன ஹார்ட் டிஸ்க் இரிக்கெண்டே இதுக்கு மறந்து போச்சு. டிஸ்க்கின்ர வகை எண்ண நாமதான் கொடுக்கணும்" என்றார் சேர். இரண்டு நாள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "கொண்டு வரக்குள்ள எங்கயும் விழுந்ததா?"

விழுந்ததுதான். கிரானிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து வந்து, செங்கலடிச் சந்தியில் பஸ்ஸால் இறங்கும்போது பை கைநழுவி விழுந்தது. சொன்னேன்.

"அதுதான்" என்றார். அந்த ஒரு சொல்தான்.

அன்று முதல் நான் தங்கையின் கதைகளை விழுத்தி உடைத்தவளானேன். அம்மா ஏசவில்லை. வருகிறவர்களிடம் சொல்லுவார், அவ்வளவுதான். மலரின் ஆண்டுத் திவசத்துக்குச் சேர் ஒவ்வொரு வருடமும் வருவார். "இவள்தான் சேர், போட்டு உடைச்சிட்டாள்" என்று அம்மா அவரிடமும் சொன்னார். அவர் தலையைக் குனிந்து தேநீர் குடித்தார். என் மேல் இரக்கப்பட்டுத்தான் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்தேன். அட கடவுளே, அதற்காக அவரைக் கும்பிட்டிருக்கிறேன்!

இந்த நினைவு இதழுக்கு எழுதுவதற்காகப் போனவாரம் கல்லடியிலுள்ள அவர் வீட்டுக்குப் போனேன். திருத்திய ஒவ்வொரு மெசினைப் பற்றியும் கொப்பிகளில் எழுதி வைப்பது அவர் வழக்கம். அவர் மனைவி அவற்றை என் முன் வைத்தார். ஒரு பக்கத்தில் என் பெயர் இருந்தது:

"டிஸ்க்கைக் கழற்றிப் பார்க்காமல் பிழையான எண் கொடுத்தேன். திரையில் ஒன்றும் தெரியவில்லை. வெறும் டிஸ்க் என்று எண்ணிப் போர்மட் செய்தேன். பிறகு கழற்றினேன். சரியான எண் ஸ்டிக்கரில் இருந்தது. டிஸ்க்கில் பழுதில்லை. எல்லாம் என்னால் அழிந்தது. டீச்சருக்குச் சொல்லவில்லை."

மனைவியிடம் நீட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். "அவர்ர கையெழுத்துத்தான். எனக்குத் தெரியாது கா" என்றார். கொப்பியை என்னிடமே திருப்பித் தந்து, "உள்ளத எழுதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பிழை யாருக்கும் வரும் சேர். அதிபரிடம் ஒப்புக்கொண்டீர்களே, என்னிடம் மட்டும் ஏன் வாய் வரவில்லை? கதைகள் போனதை நான் தாங்கியிருப்பேன். ஆனால் உங்கள் பிழையை என் தலையில் இறக்கிவிட்டு, அம்மா என்னைப் பார்த்த பார்வையை ஆறு வருடம் பக்கத்திலிருந்து பார்த்தீர்கள். அம்மா போன வருடம் கண்ணை மூடினார். கடைசிவரை நான்தான் உடைத்தேன் என்று நம்பினார்.

தவராசா சேரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு பக்கம்தான். அவர் மனைவி மறுக்காமல் கிழித்துத் தந்தார். வீட்டுக்கு வந்து, அம்மாவின் வெறுங்கட்டிலில் இருந்துகொண்டு அதைச் சத்தமாக வாசித்தேன். "நான் உடைக்கல்ல அம்மா" என்றும் சொன்னேன்.