ஒரு காலுக்கு மட்டும் தண்ணீர்

அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஸ்டீம் அக்கா என்றுதான் பெயர். பத்தொன்பது வயதில் தரை துடைக்க வந்தவள். ஆபரேஷன் கத்தி, கத்தரிகளை நீராவியில் அவிக்கும் அறைக்கு இருபது வருடமாக அவளே பொறுப்பு. புருஷனை அடக்கம் செய்த வாரத்தில்கூட ஒரு கருவித் தட்டும் தாமதமானதில்லை.

பத்து மாதத்துக்கு முன், டைரக்டர் டாக்டர் போனில் அவசரப்படுத்தினார். "அவிஞ்சது போதும், பரவாயில்ல, அனுப்பு" என்றார். அவள் "அவியும் நேரம் முடியவில்லை" என்று சீட்டு எழுதித் தட்டில் கட்டி அனுப்பினாள். அனுப்பியது தன் தப்பு என்று இன்றும் சொல்வாள். ஆனால் சீட்டைப் பிய்த்துப் போட்டது அவர். நோயாளிக்குப் புண் சீழ் வைத்தது. மெமோ வந்தது அவளுக்கு: யாரிடமும் சொல்லாமல் அவியாத கருவிகளை அனுப்பினாள் என்று.

அன்றிலிருந்து காலை ஜெபத்தில் அவளுக்காகப் பேசிய நர்ஸுகள் இடப்பக்கம், டைரக்டருக்காகப் பேசிய ஆபீஸ்காரர்கள் வலப்பக்கம்.

புதிதாக வந்த போதகருக்கு இது பொறுக்கவில்லை. இரு பக்கத்தையும் சேர்த்துவைக்க ஒப்புரவு ஆராதனை என்று ஒன்று வைத்தார். இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல டைரக்டர் அவள் காலைக் கழுவுவார். பிறகு எல்லோரும் கைகுலுக்குவார்கள். எனாமல் பேசின், வெந்நீர், வெள்ளைத் துண்டு, போட்டோகிராபர், எல்லாம் தயார். மெமோவைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

டைரக்டர் முழங்காலிட்டார். அவள் செருப்பைக் கழற்றவில்லை.

போதகர் குனிந்து, "விட்டுக்குடுங்கம்மா," என்றார்.

"எதை ஐயா? என் ஃபைல்ல இருக்கற பொய்யையா?"

"அத அப்புறம் பேசிக்கலாமே."

"ரத்தம் காஞ்ச கத்தியத் தேய்க்காம அவிச்சா கறை வெந்து இரும்போட ஒட்டிக்கும். நீங்க பண்றது அதான். முதல்ல தேய்ங்க."

"தண்ணி ஆறுதுக்கா," என்றார் பின்வரிசையிலிருந்து மருந்துக்கடைக்காரர்.

"ஆறட்டும். பத்து மாசமா நான் கொதிச்சுட்டுத்தான் இருக்கேன்."

யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். போதகரின் முகம் வெளிறியது. பிறகு போட்டோகிராபரை வெளியே அனுப்பினார். பத்து மாதத்தில் ஒரு தலைவர் செய்த முதல் உருப்படியான காரியம் அது. மைக்கை டைரக்டரிடம் நீட்டினார்.

"முழங்கால்ல இருக்கும்போதே சொல்லிடுங்க டாக்டர்."

டைரக்டர் மைக்கை வாங்கினார். "அந்தத் தட்டை நேரம் முடியறதுக்கு முன்னாடி நான்தான் கேட்டு வாங்கினேன்."

"சீட்டு?" என்றாள்.

அவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை எடுத்தார்.

அவள் இடது செருப்பை மட்டும் கழற்றினாள். "பாதி சொல்லிட்டீங்க. அதுக்கு ஒரு காலு. மெமோவைக் கிழிக்கிற அன்னைக்கு இன்னொண்ணக் கொண்டாறேன்."

அந்த ஒரு காலை அவர் கழுவினார்.

"இன்னைக்குக் கைகுலுக்கல் கிடையாது," என்றார் போதகர் கூட்டத்தைப் பார்த்து. "டாக்டர், நாளைக்கு அந்த மெமோவோட என் ரூமுக்கு வாங்க."

அடுத்த தட்டுக்கு நேரமாகியிருந்தது. ஈரக்காலைச் செருப்பில் திணித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.