தேவானை எடுத்த உண்ணிகள்

எங்கள் வீட்டு நாய்க்கு என்னைப் பிடிக்காது. சோறு வைப்பது நான், ஊசி போட அழைத்துப் போவது நான், அது கடித்துப் போட்ட பக்கத்து வீட்டுச் செருப்புகளுக்கெல்லாம் பதில் சொல்வதும் நான்தான். ஆனாலும் காலை ஏழரை மணிக்கு மாடிப்படியில் தேவானையின் காலடி கேட்ட பிறகுதான் ரெக்ஸுக்கு வால் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரும்.

தேவானை எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. சாந்தோமுக்குப் பின்னால் ஒரு சந்தில் முதல் மாடி வீடு. அம்மா ஆலிஸ், பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இங்கிலீஷ் எடுத்து ஓய்வு பெற்றவள். நான் ஜொவிட்டா, கணக்கு டீச்சர். அப்பா விக்டர் போய் ஆறு வருஷம். அவர் இறந்த அதே மாதம்தான் என் தம்பி ஸ்டீவ், அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று இந்த ரெக்ஸைக் கொண்டுவந்து விட்டான். விட்டுவிட்டு வடபழனிக்குப் போய்விட்டான். உண்ணி எடுக்கும் வேலையைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் பிறந்தால் எங்கள் வீட்டில் உண்ணிக் காலம். தேவானை வந்ததும் பையைச் சமையலறைக் கதவில் மாட்டுவாள், இரண்டு டம்ளர் தண்ணீர் குடிப்பாள், பின்பக்கம் பேப்பரை விரித்து உட்காருவாள். யாரும் கூப்பிடாமலே ரெக்ஸ் போய் அவள் மடியில் தலையைப் போடும். காதின் உள்மடிப்பு, கழுத்துப் பட்டையின் அடி, கால்விரல்களின் இடுக்கு என்று விரலாலேயே தேடுவாள். தட்டுப்பட்டால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுப்பாள். பக்கத்தில் பழைய ஊறுகாய் பாட்டிலில் சோப்புத் தண்ணீர் இருக்கும், அதில் போடுவாள். நான் ஒருமுறை ஒன்றைக் காலால் தேய்க்கப் போனேன்.

"நசுக்காதம்மா. நசுக்குனா முட்டையெல்லாம் தெறிச்சு இன்னும் நூறு வரும். உனுக்கு இன்னா அவசரம், தள்ளு."

ஒரு மணி நேரம் அப்படி உட்கார்ந்துவிட்டு எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுவாள். ஐம்பத்து நான்கு வயது. அதற்குப் பிறகுதான் பாத்திரம், பெருக்கல், துடைத்தல் எல்லாம். என்னைக் கேட்டால் நானே களைத்துப் போனவள்தான், எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துப் பார்த்தால் தெரியும். ஆனால் தேவானையின் களைப்பு வேறு. அவள் உட்காரும்போதே கண் மூடிக்கொள்ளும், விரல் மட்டும் வேலை செய்யும்.

அவள் பிறந்ததும் வாழ்ந்ததும் சைதாப்பேட்டை ஆற்றங்கரை. புருஷன் தங்கவேல் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர், இடுப்பு போனதிலிருந்து வீட்டில் இருக்கிறார். ஆற்றங்கரை வீடுகளை இடித்து, ஆட்களை லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் இறக்கினார்கள். அவளுக்குக் கிடைத்தது எட்டாவது மாடி. அதுவரை அரை மணியில் வந்துகொண்டிருந்தவள், நாலரை மணிக்கு எழுந்து இரண்டு பஸ் மாறி வர ஆரம்பித்தாள். மயிலாப்பூரில் பார்த்துக்கொண்டிருந்த நான்கு வீடுகளில் மூன்றை விட்டாள். எங்கள் வீட்டை மட்டும் விடவில்லை. மகள் பொன்மணி பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் தடுமாறியபோது அம்மா தினமும் சாயங்காலம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள் என்பதுதான் காரணம். பொன்மணி இப்போது தி.நகரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். "ஆலிஸம்மா போட்ட எயுத்து" என்று தேவானை அடிக்கடி சொல்லுவாள்.

வீட்டில் அவள் கை படாத மூலை கிடையாது. பீரோ சாவி இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும், அம்மாவின் மாத்திரைகள் எங்கே இருக்கின்றன என்று என்னைவிட அவளுக்குத்தான் தெரியும். ஒன்றே ஒன்றுதான் விலக்கு. ஹாலில் திவானுக்கு மேலே மாட்டியிருக்கும் திருஇருதய ஆண்டவர் படம். வீடு மந்திரித்த அன்று பங்குச் சாமியாரே வந்து ஜெபம் சொல்ல, அப்பா தன் கையால் மாட்டியது. "மந்திரிச்ச படம் தேவானை, அதை மட்டும் தொடாதே, நாங்களே பாத்துப்போம்" என்று அம்மா முதல் நாளே சொல்லியிருந்தாள். தேவானை அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒட்டடைக் கோலைக்கூட நீட்டியதில்லை.

இந்த வருஷம் உண்ணி எங்களை ஓட ஓட விரட்டியது. டாக்டர் நாயின் பிடரியில் விடச் சொட்டு மருந்து கொடுத்தார், மாத்திரை கொடுத்தார், தண்ணீரில் கலந்து அடிக்க ஒரு மருந்தும் கொடுத்தார். "நாய் மேல நீங்க பாக்கறது கொஞ்சம்தான் மேடம். மிச்சமெல்லாம் வீட்டுக்குள்ள இடுக்குல இருக்கும்" என்றார். நானும் தேவானையும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில், கதவு நிலையில், குளியலறை மூலையில் எல்லாம் அடித்தோம். மூன்று நாள் நிம்மதி, நான்காம் நாள் மறுபடியும் ஊர்வலம். பேப்பர் விரிப்பதும் பாட்டிலைக் கழுவுவதுமாகவே ஏப்ரல் போனது. எனக்கு உடம்பெல்லாம் ஏதோ ஊர்வது போலவே இருந்தது. பரீட்சைத் தாள் திருத்தும்போது புள்ளி வைத்த இடமெல்லாம் உண்ணியாகத் தெரிந்தது.

கத்திரி தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு, ஸ்டீவின் மகள் சான்ட்ராவுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். கோயில் பக்கத்திலேயே இருப்பதால் விருந்து எங்கள் வீட்டில். முப்பது பேர். ஞாயிறு தேவானைக்கு வேலை நாள் இல்லை, ஆனாலும் முதல் பஸ் பிடித்து வந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள். பூசை முடிந்து பிள்ளையை வெள்ளை கவுனும் முக்காடுமாகத் திவானில் உட்கார வைத்து, படத்துக்குக் கீழே ஆளாளுக்கு போட்டோ எடுத்தார்கள். அப்போதுதான் ஸ்டீவின் மாமியார் கத்தினாள்.

"ஐயோ, பிள்ளை தலையில என்ன ஊருது!"

வெள்ளை வலைத்துணியில், ரத்தம் குடித்து உப்பிய ஓர் உண்ணி, ஆற அமர நடந்துகொண்டிருந்தது. சான்ட்ரா அழுதாள். முக்காட்டைப் பிடுங்கி உதறினார்கள். பிரியாணித் தட்டோடு நின்றிருந்த சிலர் தட்டை வைத்துவிட்டுத் தங்கள் சேலையைத் தட்டிக்கொண்டார்கள். அம்மாவின் முகம் சுண்டிப்போனது. முப்பது வருஷம் வகுப்பில் நகம் வெட்டாத பிள்ளைகளை வெளியே நிறுத்தியவள் அவள்.

சமையலறைக்குள் வந்ததும் அம்மா சொன்னாள். ஹாலில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள் என்று இப்போது நினைக்கிறேன்.

"நாய்க்கு மருந்து போட்டாச்சு, வீடு பூரா அடிச்சாச்சு. அப்புறம் எங்கேருந்து வருது? தேவானை, உங்க பக்கம் தெரு நாய் ஜாஸ்தி இல்ல? சேலையில, பையில ஒட்டிக்கிட்டு வருதோ என்னமோ."

"நம்மூட்ல நாயே இல்லம்மா. எட்டாவது மாடி" என்றாள் தேவானை. கையில் கரண்டி அப்படியே இருந்தது.

"நாய் வேணாம். கீழ படியில, பஸ்ஸுல ஒட்டினா?"

இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மார்ச்சிலிருந்து தினமும் யார் மடியில் அந்த நாய் கிடந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு அன்று யார் மேலாவது பழியைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டால் போதும் என்றிருந்தது. அதைவிடக் கேவலமாக, நல்லவள் மாதிரி பேசினேன்.

"அக்கா, நீங்களும் ரொம்பக் களைச்சுப் போயிட்டீங்க. ஒரு மாசம் லீவு எடுத்துக்குங்க. எல்லாம் சரியானதும் நானே கூப்பிடறேன்."

தேவானை என்னைப் பார்த்தாள். "நான்தான் கொண்ணாந்தேன்னு சொல்றியாம்மா?"

"அப்படிச் சொல்லலக்கா."

"சரிம்மா" என்றாள். பிரியாணி அண்டா வரை எல்லாவற்றையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, நான்கு மணிக்குப் போனாள். சாப்பிடச் சொன்னதற்கு வயிறு சரியில்லை என்றாள்.

மறுநாளிலிருந்து உண்ணி எடுப்பது என் வேலை. பள்ளிக்கூடம் லீவு, எனக்குத்தான் லீவு இல்லை. ரெக்ஸ் என் மடியில் தலை வைக்காது. வாயைக் கட்டி, முழங்காலால் அழுத்தி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தால் பத்து நிமிஷத்தில் கழுத்து இற்றுவிடும். பாதி உண்ணி அறுந்து தலை உள்ளேயே நிற்கும், அந்த இடம் வீங்கும், நாய் என்னைப் பார்த்து உறுமும். தேவானை போய் ஒரு வாரம் ஆகியும் உண்ணி ஒன்றுகூடக் குறையவில்லை. அம்மாவும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் அடுத்து என்ன பேச வேண்டியிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பதினோராம் நாள் மத்தியானம். மின்விசிறிக்குக் கீழே தரையில் மல்லாந்து கிடந்தேன். எழுந்திருக்கச் சக்தி இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திவானுக்குப் பின்னாலிருந்து ஓர் உண்ணி சுவரில் ஏறியது. நேராக மேலே போனது. அதற்குப் பின்னால் இன்னொன்று. இரண்டும் திருஇருதய ஆண்டவர் படத்தின் சட்டத்துக்கு அடியில் போய் மறைந்தன.

நாற்காலியைப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினேன். அப்பா மாட்டியதிலிருந்து அது ஆணியை விட்டு இறங்கியதே இல்லை. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அம்மா கண்ணாடியை மட்டும் ஈரத்துணியால் ஒற்றுவாள். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்து அட்டை தெரியவில்லை. நான்கு மூலையிலும் உண்ணி அடை அடையாக அப்பியிருந்தது. நடுவில் பழுப்பு நிறத்தில் முட்டைகள். சுவரில் படம் இருந்த சதுரம் முழுக்க ஊர்ந்தது. பிள்ளையை அதற்குக் கீழே உட்கார வைத்துத்தான் முப்பது போட்டோ எடுத்தோம்.

அம்மா அறை வாசலில் நின்றாள்.

"நாங்களே பாத்துப்போம்னு சொன்னேனே" என்றாள்.

"யாரு பாத்தோம்?" என்று கேட்டேன். வயதான தாயிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். பிறகு இரண்டு பேருமாக வாளியில் மருந்தைக் கலந்து, சாயங்காலம் வரை அந்தச் சுவரைத் தேய்த்தோம்.

தேவானை போனை எடுக்கவில்லை. அடுத்த நாள் காலையில் நானே கிளம்பினேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. இரண்டு பஸ், ஒன்றே முக்கால் மணி நேரம், பாதி தூரம் நின்றுகொண்டு. லிஃப்ட் ஓடவில்லை. ஐந்தாவது மாடியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை படியும் இறங்கி வந்து, அதற்கு மேல் எங்கள் வீட்டு மாடியையும் ஏறித்தான் அவள் அந்த இரண்டு டம்ளர் தண்ணீரைக் குடித்திருக்கிறாள்.

"இன்னாத்துக்கும்மா இம்மாந்தூரம் வந்த? வா, உள்ள வா" என்றாள். ஒரே அறை, கண்ணாடி போலத் துடைத்த தரை. தங்கவேல் எழ முயன்றார், வேண்டாம் என்றேன். நடந்ததைச் சொன்னேன். படம், முட்டை, எல்லாம். மன்னிப்புக் கேட்டேன். அம்மாவும் கேட்கச் சொன்னாள் என்றேன், அது உண்மைதான்.

தேவானை தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அன்னிக்கு ராவு பொன்மணிகிட்ட தலய காட்டுனேன். நல்லா பாருடி, எதுனா கீதான்னு. லைட்ட பிடிச்சுக்கினு பாத்துச்சு. கீற சேலை அல்லாத்தியும் வெந்நில போட்டு அலசுனேன். பையக் கூட தூக்கிப் போட்டேன். ஒன்னுமே இல்ல. ஆனா மனசு ஒத்துக்கல. ஆலிஸம்மா படிச்சவங்க, பொய் சொல்ல மாட்டாங்க, நம்ம மேலதான் கீதுன்னு நெனச்சுக்கினு பத்து நாளா தூங்கலம்மா."

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். நாங்கள் சொன்னதை அவள் நம்பியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவள்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

திங்கட்கிழமை வந்தாள். ரெக்ஸ் படி இறங்கி ஓடிப்போய்ப் புரண்டது. அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே இந்த வீட்டுல நீ தொடக்கூடாதது எதுவும் இல்ல" என்றாள். தேவானை தலையாட்டினாள். பேப்பரை விரித்தாள், உட்கார்ந்தாள், நாயின் காதை மடக்கிப் பார்த்தாள். உண்ணி இப்போது நாளுக்கு ஒன்றோ இரண்டோதான். ஜூன் மழைக்குள் அதுவும் நின்றுவிடும் என்கிறார் டாக்டர்.

ஆனால் அன்றிலிருந்து அவள் நேராக மாடி ஏறுவதில்லை. கீழே கேட்டுக்கு வெளியே, தெருவில் போகிறவர்கள் பார்க்க, பையைத் தரையில் வைத்து உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்து உதறுகிறாள். சேலை ஓரத்தை ஒரு சுற்று விரலால் தடவிப் பார்க்கிறாள். கொண்டையை அவிழ்த்துக் கோதிவிட்டு முடிகிறாள். அதற்குப் பிறகுதான் கேட்டைத் திறக்கிறாள். ஓடிப்போய்ச் சொன்னேன், கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னேன், வேண்டாம் அக்கா என்று.

"இருக்கட்டும்மா. ஒருதபா பாத்துட்டே வரேன்" என்கிறாள், கோபமே இல்லாமல்.

காலை ஏழரை மணிக்கு நான் கேட் தெரியும் முன்பக்கப் பால்கனிக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.